ஆட்டுவிக்க வராத ஆண்டவர்

(கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் நாட்களில் பாளையங்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் தாமிரபரணிக் கரையில் எங்கு திரும்பினாலும் பொம்மைகள்தாம். குடிலுக்குள் மண்பொம்மைகள், ஓய்வுநாள் பள்ளி விழாவில் கையில் மாட்டிப் பேசவைக்கும் துணிப்பொம்மைகள், பிள்ளைகள் வீட்டில் பார்க்கும் படங்களில் பாவைகள். “ஆண்டவருடைய பிறப்பைச் சொல்ல இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. நான் சிறுவயது முதலே பாவைக்கூத்தின் ரசிகன். அந்த ரசனையோடேயே இன்று யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் 14ஆம் வசனத்தைத் தியானிக்க அழைக்கிறேன். ஆதியிலே தேவனோடு இருந்த வார்த்தையானவர் நம்மைப் போல் உடலெடுத்து நம்மோடு வாழ வந்தார் என்று அறிவிக்கிற வசனம் அது.

முதலில் நம் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தைப் பாருங்கள். திருநெல்வேலி, கன்னியாகுமரி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக இதை நடத்திவருகிறவர்கள் மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தார். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்குவார்கள். காய்ந்த தோலில் உருவம் வரைந்து வெட்டி, உளியால் சிறுசிறு துளைகள் போட்டு, வண்ணம் தீட்டுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும். முன்னே எண்ணெய் விளக்கு, இப்போது மின்விளக்கு. பாவைக்குச் சொந்த ஒளி கிடையாது. தோல் தடித்திருந்தால் திரையில் கறுத்த நிழல்தான் விழும். தோல் மெலிந்ததால் நிறம் தெரிகிறது. துளை விழுந்த இடத்தில் நகை மின்னுகிறது. ஒரே கலைஞர் ராமனாகவும் சீதையாகவும் ராவணனாகவும் பேசுவார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனுமாகிச் சிரிக்கவும் வைப்பார். ராமாயணம் எத்தனை இரவு நடந்தாலும், திரைக்கு முன்னால் இருப்பவர்களுக்கு அவர் குரல்தான் கிடைக்கும், முகம் கிடைக்காது.

நம்மில் பலர் கடவுளை இப்படித்தான் நினைத்துவைத்திருக்கிறோம். துக்கம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும், “அவன் ஆட்டுவிக்கிறான், நாம வெறும் பொம்மை” என்பது நம் ஊர்ப் பேச்சு. அதில் பணிவு இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பெத்லகேம் நமக்குச் சொல்வது அதற்கும் மேலான ஒன்று. திரைக்குப் பின்னால் இருந்தவர் முன்னால் வந்தார். முகம் காட்டினார். அதுவும் எப்படி வந்தார்? ஒருவர் தூக்கினால்தான் இடம் மாறக்கூடிய கைக்குழந்தையாக வந்தார். உலகத்தை அசைக்கிறவர் ஒரு தச்சனுடைய கைகளில் அசைந்தார். ஒரு தாய் கிடத்திய முன்னணையில் கிடந்தார். அவர் தம்முடைய மகிமையைக் களைந்து அடிமையின் கோலம் எடுத்தார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, சுரண்டி மெலிந்த அந்தத் தோல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. மெலிந்தார், அதனால் பிதாவின் ஒளி அவர் வழியாக நம்மிடம் வந்தது. காயப்பட்டார், அந்தக் காயங்களிலேதான் அவருடைய அன்பு பிரகாசிக்கிறது.

முன்னால் வந்தவர் யாரையும் பொம்மைபோல் ஆட்டுவிக்கவுமில்லை. லூக்கா முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். காபிரியேல் நாசரேத்துக்கு வருகிறான். மரியாள் கலங்குகிறாள், இது எப்படி ஆகும் என்று கேட்கிறாள். தூதன் அதட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறான். அவள் தன் வாயால் சம்மதம் சொன்ன பிறகே அவளை விட்டுப் போகிறான். சர்வ வல்லவர் ஒரு கிராமத்துப் பெண்ணின் பதிலுக்காகக் காத்திருந்தார், பிரியமானவர்களே! யோசேப்பும் அப்படித்தான். மரியாளை இரகசியமாக விலக்கிவிடலாமா என்று யோசிக்க அவனுக்கு இடம் இருந்தது. விழித்தெழுந்து அவளைச் சேர்த்துக்கொண்டது அவன் எடுத்த முடிவு. மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, தாங்களாகவே புறப்பட்டார்கள். பிள்ளை பிறந்த செய்தி ஏரோதின் காதிலும் விழுந்தது. அவன் பட்டயத்தைத் தேர்ந்துகொண்டான். தேவன் மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரம் அவ்வளவு மெய்யானது. அதைப் பிடுங்கிக்கொண்டு நம்மை இரட்சிக்க அவருக்கு மனதில்லை.

உக்ரைன் தேசத்தில் ‘வெர்தெப்’ என்றொரு கிறிஸ்துமஸ் பாவைக்கூத்து உண்டு. இரண்டு அடுக்குள்ள ஒரு மரப்பெட்டிதான் அதற்கு மேடை. மேலடுக்கில் பரிசுத்த குடும்பம். கீழடுக்கில் ஏரோதின் அரண்மனையும் சாதாரண ஜனங்களின் சண்டையும் சிரிப்பும். ஒரே பெட்டிக்குள் பரலோகமும் சந்தைக்கடையும்! இப்படி அமைத்தவர்களுக்குக் கிறிஸ்து பிறப்பின் பொருள் நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் கூச்சலுக்கு மேலே எங்கோ தொலைவில் அவர் பிறக்கவில்லை. நாம் வாழ்கிற அதே வீட்டுக்குள் பிறந்தார்.

நம் மண்ணின் பிள்ளை வேதநாயக சாஸ்திரியாருக்கும் அது தெரிந்திருந்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த அவரை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அங்கே அவர் இயற்றிய நூல் ‘பெத்லகேம் குறவஞ்சி’. குற்றாலநாதர்மீது திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சி பிறந்த சீமை இது. அந்தச் சீமையின் பிள்ளை, தலைவியும் குறத்தியும் சிங்கனும் வருகிற அதே வடிவத்துக்குள் கிறிஸ்துவை அழைத்து வந்தார். குறவஞ்சித் தலைவி காதலால் ஏங்குகிறவள். அந்த ஏக்கத்தை யாரும் அவளுக்குள் திணிக்கவில்லை. ஆத்துமா ஆண்டவரைத் தேடுவதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த வடிவம் அது.

எனக்கு மிகப் பிடித்த கிறிஸ்துமஸ் பாவைப் படத்தையும் சொல்கிறேன். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கதையைப் பிரயன் ஹென்சன் 1992இல் ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’ என்று படமாக்கினார். ஸ்க்ரூஜ் என்கிற ஈவிரக்கமில்லாத வட்டிக்காரனாக மைக்கேல் கெய்ன் நடித்திருக்கிறார். அவரைச் சுற்றித் தவளையும் பன்றியும் எலியுமாகப் பாவைகள். எத்தனை முறை பார்த்தாலும் ஓர் உண்மை என்னைத் தொடுகிறது: அந்தக் கதையில் சதையும் ரத்தமும் உள்ள மனிதன்தான் கட்டையாக நிற்கிறான், துணியில் தைத்த பாவைகளுக்கு இருதயம் இருக்கிறது. அவனை ஆட்டிவைப்பது பணம். மெய்யாகவே கயிறு கட்டப்பட்டவன் அவன்தான்.

அந்தக் கதையில் டைனி டிம் என்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமுடியாத ஒரு சிறுவன் வருகிறான். படத்தில் அவன் ஒரு குட்டித் தவளைப் பாவை. ஆலயத்திலிருந்து திரும்பிவரும்போது தன் தகப்பனிடம் ஒன்று சொல்கிறான். தான் ஊன்றுகோலோடு இருப்பதை ஜனங்கள் பார்த்தால் நல்லது, முடவரை நடக்கவும் குருடரைப் பார்க்கவும் செய்தவர் யாரென்று இந்தப் பண்டிகை நாளில் அவர்களுக்கு நினைவு வரும் என்கிறான். இதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. அந்த இரவில் ஸ்க்ரூஜிடம் வந்த மூன்று ஆவிகளும் அவனுக்குக் காட்சிகளைக் காட்டின. பணப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கவில்லை. விடிந்ததும் ஜன்னலைத் திறந்தவன் அவன். ஏழை வீட்டுக்கு விருந்து அனுப்பியவனும் அவனே. கயிறு அறுந்தது, மனிதன் எழுந்தான்.

“அப்படியானால் எங்களை அடிக்கிற பேரிடர்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஆற்றங்கரை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வெள்ளத்தைக் கடவுளுடைய கைவேலை என்று சொல்லி, உடைமை இழந்தவர்களின் நெஞ்சில் இன்னொரு கல்லைத் தூக்கிவைக்க எனக்கு வாய் வராது. அவர் எங்கே இருந்தார் என்பதை மட்டும் சொல்லுகிறேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. முன்னே போக வழியில்லை, சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தாங்களே வெள்ளத்தின் நடுவே இருந்துகொண்டு, முன்பின் தெரியாத அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். அவர்களுக்கு உத்தரவு போட்டவர் யாருமில்லை. பசியைப் பார்த்தார்கள், அடுப்பை மூட்டினார்கள். சத்திரத்தில் இடமில்லாமல் நின்ற ஒரு குடும்பத்தின் கதையைக் கொண்டாடுகிற நாம், அந்த அடுப்படியில் ஆண்டவரைக் காணாவிட்டால் வேறெங்கே காண்போம்?

ஆகவே பிரியமானவர்களே, இந்த ஆண்டு இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுநாள் பள்ளி விழாவில் பொம்மை நிகழ்ச்சி முடிந்ததும், திரைக்குப் பின்னால் இருந்தவர்களை முன்னால் அழைத்து நிறுத்துங்கள். நமக்காக முகம் காட்டினவரைப் பற்றி அப்போது பிள்ளைகளிடம் பேசுங்கள்; சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது, உங்களை ஆட்டிவைக்கிற கயிறு எது என்று பண்டிகைக்குமுன் கண்டுபிடியுங்கள். சிலருக்கு அது சொத்துத் தகராறு. சிலருக்குச் சாதிப் பெருமை. சிலருக்கு ஊர் மெச்சக் கொண்டாடவேண்டும் என்பதற்காக வாங்கும் கடன். அதை அறுத்துவிட்டு, யாரும் சொல்லாமல், நீங்களாகவே ஒரு வீட்டுக்குப் போங்கள். கீத பவனி எட்டிப்பார்க்காத தெருவில், பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு தாயின் வீடாக இருக்கட்டும். பேச்சுவார்த்தை நின்றுபோன உங்கள் உடன்பிறந்தான் வீடாகவும் இருக்கட்டும். மரியாளிடம் காத்திருந்த ஆண்டவர் உங்கள் பதிலுக்காகவும் காத்திருக்கிறார். மனதாரச் சம்மதம் சொல்லுங்கள்.

ஜெபிப்போம். எங்களைத் தேடி எங்கள் நடுவே பிறந்த ஆண்டவரே, எங்களைக் கட்டியிருக்கிற கயிறுகளை அறுத்துவிடும். பயத்தினால் அல்லாமல் அன்பினால் உமக்குக் கீழ்ப்படியவும், பசித்தவரிடம் நாங்களாகவே போகவும் எங்களுக்கு இருதயம் தாரும். இந்த ஆற்றங்கரையின் எல்லா வீடுகளையும் ஆசீர்வதியும். ஆமென்.