சுட்ட கையே சாட்சி சொல்லலாமா?

2024ஆம் ஆண்டு ஜூலை 5ந் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பது நாள் கழித்து, அவ்வழக்கில் பிடிபட்ட ஒருவர் ஆயுதத்தைக் கைப்பற்றுவதற்காக மாதவரம் பக்கம் அழைத்துச் செல்லப்பட்டபோது போலீசாரின் குண்டுக்கு இரையானார். செப்டம்பர் 18ல் வியாசர்பாடியில் இன்னொருவர். இரண்டிலும் போலீஸ் தரப்பு ஒன்றையே கூறிற்று: அவர் தாக்கினார், தற்காப்புக்காகச் சுட்டோம்.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேநீர்க் கடைகளில் அப்போது கேட்ட பேச்சு என்ன? "ரவுடிதானே, தொலைந்தான்!" நம் வீட்டுத் திண்ணைகளிலும் இதே பேச்சுதான்.

இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பது ஒரு கேள்வி. அந்த நொடியில் அவரைக் கொன்றே தீர வேண்டியிருந்ததா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் தெரிந்துவிட்டதாலேயே இரண்டாவதை மூடிவிடுகிறோம்.

இரண்டாவதற்குப் பதில் சொல்லும் சாட்சிகளுக்கு வாயில்லை. காயத்தைச் சுற்றி வெடிமருந்துக் கரி படிந்திருந்தால் மிக அருகிலிருந்து சுட்டது தெரியும். குண்டு நெஞ்சில் புகுந்ததா, முதுகில் புகுந்ததா என்பதைப் பிரேதப் பரிசோதனை சொல்லும். பதிவேட்டில் குறைந்த தோட்டாக்களும் தரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களும் ஒத்து வருகின்றனவா? இறந்தவர் சுட்டதாகச் சொல்லப்படும் துப்பாக்கி உண்மையில் சுட்டதா? இறந்தவரின் சட்டை தொலைந்தால் பாதிச் சாட்சி தொலைந்தது போலத்தான்.

இவற்றையெல்லாம் சுட்டவர்களின் கையிலேயே விட்டுவிட முடியுமா? 2014 செப்டம்பர் 23ல் உச்ச நீதிமன்றம் இதற்கு விதிகள் வகுத்தது. சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தாரோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த சூட்டிலேயே பதவி உயர்வும் வீர விருதும் கூடாது. தன் வழக்குக்குத் தானே காஜியாக அமரக் கூடாது என்பதுதானே இதன் பொருள்! வெளியார் விசாரித்தால் என்ன தெரியவரும் என்பதற்குத் தூத்துக்குடி இருக்கிறது. 2018ல் 13 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச் சூட்டில், தப்பி ஓடியவர்கள் மீதும் சுடப்பட்டது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கண்டது. அறிக்கை வர நான்காண்டுகள் ஆயின என்பது வேறு விஷயம்.

"போலீஸ்காரருக்கும் பிள்ளை குட்டி உண்டே, கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் என்ன செய்வார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தற்காப்பு உரிமை நமக்குள்ளது போல் அவருக்கும் உண்டு. ஆனால் தற்காப்பென்று சொன்னால் மட்டும் போதாது, அது நிறுவப்பட வேண்டும்.

மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8ல், ஹஜ்ரத் காலித் இப்னு வலீத் (ரலி) பனூ ஜதீமாவிடம் அனுப்பப்பட்டார்கள். தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதை அம்மக்கள் சரியான சொல்லால் சொல்லத் தெரியாமல் வேறு சொல்லால் சொன்னார்கள், உயிர்கள் போயின. செய்தி எட்டியதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கரங்களை உயர்த்தி, காலித் செய்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். தம் தளபதி என்பதற்காக மூடி மறைக்கவில்லை. அதற்காகக் காலிதை ஒரேயடியாகத் தள்ளி வைக்கவுமில்லை. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை அனுப்பி உயிர்களுக்கெல்லாம் தியத் கொடுக்கச் செய்தார்கள். நாய் நீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட ஈடு கொடுத்ததாக சீறா நூல்கள் கூறுகின்றன.

அந்தப் படையிலேயே அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். தம்மிடமிருந்த கைதியைக் கொல்ல மறுத்து, நடந்ததை நபியவர்களிடம் வந்து சொன்னவர்களுள் அவர்களும் ஒருவர். 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த வழக்கில், அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அன்றிரவு தாம் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவர் நம் அண்டை வீட்டுக்காரராக இருந்திருந்தால், "உனக்கேன் இந்த வம்பு?" என்றிருப்போமா, அவர் வீட்டு வாசலில் துணையாக நின்றிருப்போமா?