கர்டர் போகிற சாலை

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, தூத்துக்குடி நாற்கரச் சாலை. இரவு. கரிசல் மண் பகலின் சூட்டை இன்னும் விடவில்லை. உள்ளங்காலில் தெரிகிறது.

முதலில் வெளிச்சம். ஒரு ஜீப், தலையில் சுழலும் மஞ்சள் விளக்கு. பிறகு புல்லர், இழுக்கிற வண்டி. பிறகு வெகு நேரம் கர்டர் மட்டும், பாலத்துக்கான உத்தரம்.

இரும்பு. செங்காவிப் பூச்சு. முன்முனை கடந்து போய்விட்டது. பின்முனை இன்னும் இருட்டில் இருக்கிறது.

கூட நடக்கிறவர் பின்தங்கவில்லை. கையில் ஒரு மரக்கட்டை. வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கொடுக்க. வண்டி நிற்கவில்லை.

மேலே ஒருவர் மூங்கில் கழியோடு. மின்கம்பி குறுக்கே வருகிறது. தூக்குகிறார். கர்டர் நுழைந்து போகிறது. கம்பி பழைய இடத்துக்கு இறங்கி, கொஞ்சம் ஆடுகிறது.

அடியில் வரிசை வரிசையாக டயர்கள். அச்சுக்கு அச்சு ஹைட்ராலிக். பள்ளம் வந்தால் அந்த அச்சு மட்டும் இறங்குகிறது. மேடு வந்தால் மடங்குகிறது. எண்ணெய் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, பாரம் பங்காகிறது. மேலே தளம் சாய்வதில்லை.

புல்லர் வேண்டாத வண்டிகளும் உண்டு. எஞ்சின் அதிலேயே இருக்கும். பக்கவாட்டில் நகரும். நின்ற இடத்தில் சுழலும். ஓட்டுகிறவர் ஏறி உட்காருவதில்லை. ஒரு பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். 2007 அக்டோபரில், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், பக்கத்தில் வைத்துக் கட்டிய முழுப் பாலத்தை அப்படித் தூக்கி வந்து நெடுஞ்சாலைக்கு மேலே வைத்தார்கள். ஒரு வார இறுதிக்குள்.

பாம்பன் புதிய ரயில் பாலத்தில் அந்த வண்டிக்கு இடமில்லை. கீழே கடல். 72.5 மீட்டர் தூக்குப் பாலம், ஏற்கெனவே கட்டிய பாலத்தின் மேலேயே நகர்ந்து போனது. 2024 மார்ச்சில் கிளம்பியது. இடத்துக்கு வர ஜூலை ஆகிவிட்டது.

பாலத்தின் மேல் பாலம்.

எண்ணம் அங்கே கொஞ்சம் நிற்கிறது. போகிறது.

இரும்பு வெயிலில் நீளும். 72.5 மீட்டர், 20 டிகிரி கூடுதல் சூட்டில், ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம். அதற்காகத் தூணின் மேல் இடம் விடுகிறார்கள். வரைபடத்தில் அந்த வெற்றிடத்துக்கும் அளவு எழுதியிருக்கும்.

கிழக்கே திருச்சுழி. குண்டாற்றில் மணல், சீமைக் கருவேலம். ஆடுகள் ஆற்றுக்குள் இறங்கி ஏறுகின்றன, பகலில். தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வரும். பாலங்கள் அந்தச் சில நாளுக்கு.

வீணா என்று ஒரு கேள்வி. கேள்வியாகவே கிடக்கிறது.

ரமணர் 1879-ல் திருச்சுழியில் பிறந்தவர். 1896-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அப்புறம் அந்த மலையை விட்டு எங்கும் போகவில்லை. பாலத்துக்கும் ஒரே பயணம்தான். இதை இங்கே எழுதியிருக்க வேண்டாமோ. இருக்கட்டும்.

டீசல் புகை. அதற்குள் வேப்பம்பூ வாசனை. இரண்டும் கலக்காமல் வருகின்றன.

வளைவு வருகிறது. விசில். பின் அச்சுகள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. நடு டயர்கள் சரளைமேல் அரைகின்றன. யாரோ "வரட்டும், வரட்டும்" என்கிறார். கை மட்டும் வெளிச்சத்தில் தெரிகிறது.

பின்னால் தேங்கிய லாரிகளில் ஒன்று ஹாரன் அடிக்கிறது. இன்னொன்றும். விடிவதற்குள் துறைமுகம் சேர வேண்டிய சரக்கு. டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது. வரக்காப்பிதான் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். சீனி தூக்கலாக இரண்டு கேட்கிறார் கிளீனர்.