புகையும் புகலும்

ஒருவன் செய்யும் செயலுக்கு அவனே முற்றிலும் பொறுப்பாளியா, அன்றி அவனைச் சூழ்ந்துள்ள சமூகமும் அப்பொறுப்பிற் பங்கேற்க வேண்டுமா என்பது ஒழுக்கவியலின் மிகத் தொன்மையான வினாக்களுள் ஒன்றாகும். கொலை, களவு முதலிய பெருங்குற்றங்களை முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. ஆயின் அன்றாட வாழ்விற் காணப்படும் சிறு பழக்கமொன்றும் இதே வினாவை அதே கூர்மையோடு எழுப்பவல்லது. ஐக்கிய அமெரிக்காவில் வாழும் தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோரிடையே நிலவும் புகைத்தற் பழக்கம் அத்தகையதொன்று.

அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனம் வெளியிட்ட கணிப்பின்படி, 2016ஆம் ஆண்டில் வளர்ந்தோருள் தன்பாலீர்ப்பினரும் இருபாலீர்ப்பினருமானோரில் 20.5 வீதத்தினர் சிகரெற் புகைப்போராக இருந்தனர். ஏனையோரில் இத்தொகை 15.3 வீதமாகும். இவ்வேறுபாட்டை இரு சாரார் இரு வகையாக விளக்குவர். ஒழுக்கம் தளர்ந்தோரிடம் தீய பழக்கங்கள் மிகுந்திருத்தல் இயல்பே என்பர் ஒரு சாரார். இவர்கள் சமூகக் கொடுமைக்கு இரையானோர். ஆதலால் தம் பழக்கத்திற்கு எவ்வகையிலும் பொறுப்பாகார் என்பர் மறு சாரார். முன்னையது பழி, பின்னையது இரக்கம். நுணுகி நோக்கின் இவ்விரண்டும் ஒரே தவற்றையே செய்கின்றன என்பது புலனாகும். புகைப்பவனைச் சிந்தித்துத் தெரிவு செய்யும் மனிதனாக இவற்றுள் எதுவும் மதிப்பதில்லை.

இப்பழக்கம் வேரூன்றிய சூழலை முதற்கண் நோக்குதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தன்பாலீர்ப்பினர் தம்மையொத்தோரைச் சந்திப்பதற்குக் குடும்பமோ, கோயிலோ, தொழிலகமோ இடமளிக்கவில்லை. அவர்களுக்கெனத் திறந்திருந்த மிகச் சில கதவுகளுள் முதன்மையானது மதுச்சாலையின் கதவே. அதுவும் அச்சத்தோடு நுழையவேண்டிய கதவாகவே இருந்தது. 1966இல் நியூயோர்க் நகரில் மற்றஷீன் சங்கத்தைச் சேர்ந்த சிலர் மதுச்சாலையொன்றினுட் சென்று, தாம் தன்பாலீர்ப்பினர் என வெளிப்படையாகக் கூறி மது கேட்டனர். அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி பொலிசாரின் சோதனையை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்த ஸ்ரோன்வோல் இன் என்பதும் ஒரு மதுச்சாலையே. ஓர் உரிமை இயக்கத்தின் பிறப்பிடமாக மதுச்சாலை அமைந்தமை தற்செயலன்று. கூடுவதற்கு வேறிடம் இல்லாதோர், இருந்த இடத்திலேயே கூடினர்.

மதுச்சாலை இருந்த இடத்திற் புகையும் இருந்தது. அன்றியும் அங்கே சிகரெற்றுக்கு ஒரு சிறப்பான பயனும் உண்டாயிற்று. முன்பின் அறியாத ஒருவரோடு பேச விரும்புபவர், அவர் தம்மை வெறுப்பாரோ, பொலிசாரிடம் காட்டிக்கொடுப்பாரோ என்று அஞ்சவேண்டிய காலம் அது. அந்நிலையில் நெருப்புக் கேட்பதைப் போலப் பாதுகாப்பான முதல் வார்த்தை பிறிதொன்றில்லை. மறுமொழி இனிதாயின் பேச்சுத் தொடரும். அன்றாயின் கேட்டது நெருப்பு மட்டுமே என விலகிவிடலாம். இங்ஙனம் ஒரு நச்சுப் பொருள், தனித்திருந்தோர் ஒருவரையொருவர் அடையும் பாலமாகப் பயன்பட்டது. இதனை உணராது அப்பழக்கத்தைப் பழிப்பவர் அதன் ஒரு பாதியையே கண்டவராவர்.

இத்தகைய செயலை விருப்பச் செயல் என்பதா, விருப்பமற்ற செயல் என்பதா? அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிற் கூறும் எடுத்துக்காட்டொன்று இங்கே துணைசெய்யும். புயலில் அகப்பட்ட மாலுமிகள் கப்பலைக் காக்கும் பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிகின்றனர். அமைதியான கடலிற் சரக்கை எறிபவர் எவருமிலர். ஆயினும் அவ்வேளையில் எறிவதைத் தெரிந்து எறிபவர் அவர்களே. ஆதலால் இத்தகைய செயல்கள் கலப்பானவை என்றும், எனினும் விருப்பச் செயல்களையே பெரிதும் ஒத்தவை என்றும் அவர் கொள்வார். வெறுப்பும் அச்சமும் சூழ்ந்த வாழ்விற் புகையை நாடுபவனின் செயலும் கலப்பானதே. பகைமை நிறைந்த சமூகச் சூழல் சிறுபான்மையினரின் உளநலத்தை எவ்வாறு தொடர்ந்து அரிக்கின்றது என்பதை இலான் மேயர் என்னும் ஆய்வாளர் 2003இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அவ்வழுத்தத்தின் நடுவே செய்யப்படும் தெரிவு, தெரிவு என்னும் பெயரை இழந்துவிடுவதில்லை. ஆனால் அமைதியிற் செய்யப்படும் தெரிவோடு அதனை ஒப்பிடுதலும் நேர்மையாகாது.

ஆயின் அரிஸ்ரோட்டிலின் எடுத்துக்காட்டை அப்படியே இங்குப் பொருத்திவிட முடியாது. கடற்புயலை எழுப்பியவர் எவருமிலர். இங்கே பேசப்படும் புயலோ மனிதரால் எழுப்பப்பட்டது. சட்டமும், சமயமேடையும், குடும்பமும், பாடசாலையும் அதில் தத்தம் பங்கை வகித்தன. புயலை எழுப்பியவனே கரையில் நின்று, சரக்கை எறிந்தவனை ஊதாரி எனப் பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? தன்பாலீர்ப்பினரின் புகைத்தலை ஒழுக்கக் கேடென்று கூறுவோர் முதலில் விடையிறுக்கவேண்டிய வினா இதுவாகும்.

இனி, புகைத்தல் உண்மையிலேயே ஒரு புகலாகுமா என்பதும் ஆராயற்பாலது. சிகரெற் மனத்தை அமைதிப்படுத்துகின்றது என்பது புகைப்போரின் அனுபவம். அவ்வனுபவம் பொய்யன்று, ஆனால் அதன் காரணம் வேறு. நிக்கொற்றீன் மூளையைச் சென்றடைந்து டோபமைனைச் சுரக்கச் செய்கின்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அதன் அளவு பாதியாகக் குறைய, பழகிய மூளை அமைதி இழக்கின்றது. அடுத்த சிகரெற் தணிப்பது முந்திய சிகரெற் விட்டுச்சென்ற அந்த அமைதியின்மையையே. புகைத்தலைக் கைவிட்டோரிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரையொன்று 2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. புகலென்று நம்பப்பட்டது, தான் கொளுத்திய தீயைத் தானே சிறிது அணைத்துக் காட்டி நன்றி பெறும் பொருளாகவே உள்ளது.

ஜோன் ஸ்ருவேர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு விளையாதவரை ஒருவனின் செயலிற் சமூகம் தலையிடலாகாது என வாதித்தார். அவரே அங்கு ஒரு விலக்கையும் கூறினார். ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை சுதந்திரத்துள் அடங்காது; ஏனெனில் அச்செயலோடு அவனது சுதந்திரமே முடிவடைகின்றது. நிக்கொற்றீன் அடிமைப்படுத்தும் பொருளென அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1988இல் தெளிவுபடுத்தியது. நாளாந்தம் புகைக்கும் அமெரிக்கருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பதினெட்டு வயதுக்குள்ளேயே முதற் சிகரெற்றைப் புகைத்தவர்கள். வீட்டாருக்குத் தன்னை வெளிப்படுத்த இயலாது தவிக்கும் வயதும் அதுவே. அவ்வயதிற் செய்த தெரிவைக் காட்டி நாற்பது வயது மனிதனிடம் இது நீ விரும்பி ஏற்றதன்றோ என வினவுதல் சுதந்திரத்தை மதிப்பதாகாது.

புயலை எழுப்பியவரும் புயலில் அகப்பட்டவரும் போக, மூன்றாமவர் ஒருவரும் உளர். அவர் புயலிடையே ஓட்டைப் படகு விற்க வந்த வணிகர். இவ்வணிகருக்கும் அமெரிக்கத் தன்பாலீர்ப்பினருக்குமிடையே நிகழ்ந்தவை பெரிதும் சிந்தனைக்குரியன. எயிட்ஸ் நோய் பற்றிய கல்விக்கு அரச நிதி செல்வதை 1987இல் சட்டத் திருத்தமொன்றினாற் கட்டுப்படுத்தியவர் வட கரோலினாவின் செனற்றர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். அவருக்குப் பிலிப் மொறிஸ் கம்பனி நன்கொடை வழங்கியதைக் கண்டித்து, அக்ற் அப் என்னும் எயிட்ஸ் இயக்கத்தினர் 1990இல் மால்பறோ சிகரெற்றைப் பகிஷ்கரித்தனர். அக்கம்பனிக்குரிய மில்லர் பியரும் பகிஷ்கரிப்புக்கு உள்ளாயிற்று. எயிட்ஸ் பணிகளுக்கான தனது நன்கொடையை அதிகரிக்கக் கம்பனி உடன்பட்டதையடுத்து 1991இற் போராட்டம் முடிவுற்றது. மறு ஆண்டில், 1992இல், அதே கம்பனியின் பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் சிகரெற் விளம்பரம், தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான ஜோன்ர என்னும் சஞ்சிகையில் இடம்பெற்றது.

இவ்விளம்பரத்தைச் சிலர் கண்டித்தனர். சிலரோ அதனை ஓர் அங்கீகாரமாகக் கருதினர். பின்னவரின் மனநிலை எள்ளற்குரியதன்று. வீட்டாரும் அரசும் முகந் திருப்பிய வேளையில், நாடறிந்த பெருங் கம்பனியொன்று தம்மை வாடிக்கையாளரென விளித்தமை, தாமும் இந்நாட்டின் மக்களே என்னும் உணர்வை அளித்திருத்தல் இயல்பே. ஆயினும் அவ்வணிகம் உள்ளூர எங்ஙனம் சிந்தித்தது என்பதற்குச் சான்று உண்டு. றெனோல்ட்ஸ் கம்பனி 1990களின் நடுப்பகுதியிற் சான் பிரான்சிஸ்கோ நகரில், காஸ்ட்றோப் பகுதித் தன்பாலீர்ப்பினரையும் ரெண்டர்லோயின் பகுதியில் வாழ்ந்த வீடற்றோரையும் குறிவைத்து விற்பனைத் திட்டமொன்றை வகுத்தது. நகர்ப்புற உபபண்பாட்டுச் சந்தைப்படுத்தல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு ஸ்கம் எனப் பெயரிட்டனர். அச்சொல்லுக்கு ஆங்கிலத்திற் கசடு, இழிந்தோர் என்பன பொருள். புகையிலைக் கம்பனிகளுக்கு எதிரான வழக்குகளாலும் 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் அக்கம்பனிகளின் அந்தரங்கப் பத்திரங்கள் வெளிவந்த பின்னரே உலகம் இதனை அறிந்தது.

அங்கீகாரத்திற்கும் மதிப்பிற்குமுள்ள வேறுபாட்டை இப்பெயர் ஒன்றே உணர்த்திவிடும். ஒருவனை மதித்தல் என்பது அவன் நலத்தைக் கருதுதல். அவனது தனிமையை அறிந்து, அதனை விற்பனை வாய்ப்பாகக் கணக்கிடுபவனும் அவனை அறிந்தவனே, ஆயினும் மதித்தவனல்லன். மேலும், 1990ஆம் ஆண்டுப் பகிஷ்கரிப்பு சிகரெற்றின் இலாபம் எவரைச் சென்றடைகின்றது என்றே கேட்டது; சிகரெற் தம்மை என்ன செய்கின்றது என்று கேட்கவில்லை.

இதனைக் குறையாகக் கூறுவது இன்று எளிது. வலிமை வாய்ந்த கூட்டு மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தது 1996ஆம் ஆண்டளவிலேயே. அதற்கு முன் நண்பர்களை வாரந்தோறும் அடக்கஞ் செய்துகொண்டிருந்தோரிடம், முப்பது ஆண்டுகளின் பின் வரக்கூடிய புற்றுநோயைப் பற்றி யார் பேசமுடியும்? கைக்கெட்டிய பணத்தை நோயாளரின் பராமரிப்புக்காக ஏற்றோரை எளிதிற் குற்றஞ்சாட்டுதல் தகாது. எனினும் காலம் மாறியபின் அத்தெரிவின் மற்றப் பக்கமும் வெளிப்பட்டது. நல்ல சிகிச்சை கிடைக்கும் டென்மார்க்கில் நிகழ்ந்த ஆய்வொன்றின்படி, எச்.ஐ.வி. தொற்றிய ஒருவர் புகைப்பதனால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகள். அத்தொற்றினால் இழப்பது ஏறத்தாழ 5 ஆண்டுகள். கொடிய நோயை மருத்துவத்தின் துணையால் வென்று எஞ்சியவரை, அந்நாளில் துணையென வந்த புகையே கொல்லுமாயின் அது பெருந்துயரன்றோ?

இவ்விடத்தில் இரக்கவாதிகளின் கூற்றும் தளர்வடைகின்றது. இம்மக்கள் வெறும் இரைகளாக இருந்திருப்பின் தம் நிலையைத் தாமே ஆராய்ந்திருக்க மாட்டார்கள். அவர்களோ ஆராய்ந்தனர். 1990களிற் சான் பிரான்சிஸ்கோவிற் புகைத்தலை எதிர்த்துத் தாமே கூட்டமைப்பு அமைத்தனர். புகைத்தலைக் கைவிடுவதற்கான வகுப்புகளையும் தமக்கெனத் தொடங்கினர். அவ்வகுப்புக்கு லாஸ்ற் ட்றாக் எனப் பெயரிட்டனர். அது கடைசி இழுப்பு எனவும் பொருள்படும். ஆடவர் பெண்ணுடை தரித்து ஆடும் தம்மவர் கலையையும் குறிக்கும். தம்மைப் பார்த்துத் தாமே நகைக்கும் அப்பெயரிற் பழிச்சொல் இல்லை, இரக்கமும் இல்லை. தம் வரலாற்றை மறுக்காமலே தம் பழக்கத்தைத் துறக்க முடியும் என்னும் உறுதி அதில் உண்டு.

ஆகவே இப்பழக்கத்திற்கான பொறுப்பு ஒருவர் மீது மட்டும் சுமத்தற்குரியதன்று. புயலை எழுப்பியவர் அதனைத் தணிக்கும் கடமையுடையர். சட்டத்தால் மட்டுமன்றி, வீட்டு வாசலிற் காட்டும் முகத்தாலும் அதனைத் தணித்தல் வேண்டும். அத்துயரை அறிந்து நச்சை விற்றவருக்கு மன்னிப்பு எளிதன்று. புகைப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு. அது பழியின் பங்கன்று. தம் உயிர் பேணத்தக்கது எனக் கொள்வதன் பங்கு. நீ வாழத் தகுதியற்றவன் என்று பல்லாண்டு சொல்லக் கேட்டவனுக்கு அதுவே யாவற்றினும் கடினமான செயலாக இருத்தல் கூடும். அன்று மதுச்சாலையில் நெருப்புக் கேட்டவன் நாடியது ஒரு மனிதக் குரலையே. அக்குரலை நெருப்பின்றியே பெறக்கூடிய இடங்கள் பெருகுமாயின், புகையை விடுக என்னும் அறிவுரை அவன் செவியிற் பழியாக அன்றி அன்பாக ஒலிக்கும்.