கணக்கும் மனச்சாட்சியும்



இன்னும் ஐம்பது ஆண்டுகளில் பூமி இவ்வளவு உஷ்ணமாகும், இன்னின்ன உயிர்கள் அருகிப்போகும் என்று விஞ்ஞானிகள் சொல்லக் கேட்கிறோம். நாளைய மழையையே திட்டமாகச் சொல்லத் தெரியாதவர்கள் ஐம்பது ஆண்டுக்கு அப்பால் நடப்பதை எப்படி அறிவார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

அடுப்பில் உலை வைத்திருக்கிறீர்கள். அடுத்த குமிழி எந்த இடத்தில் எழும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் மூடியைப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதை வீட்டுச் சிறுமியும் அறிவாள். நாளைய மழை குமிழியைப் போன்றது. ஐம்பதாண்டுச் சீதோஷ்ணம் உலைநீரின் சூட்டைப் போன்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் பெருகும் கரியமில வாயுவே அந்த மூடி. 1958-ல் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது.

இவ்வாயு இரட்டித்தால் தரையருகே 2 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூடு ஏறும், மேல் ஆகாயமோ குளிரும் என்று 1967-ல் மனாபே, வெதரால்டு என்னும் இருவர் கணக்கிட்டார்கள். கீழே சூடு ஏறுவதும் மேலே குளிர்வதும் பிற்பாடு அளந்து காணப்பட்டன. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஆகையால் இது ஜோசியம் அன்று. ஜோசியன் "இது நடக்கும்" என்கிறான். கணக்கோ "இப்படிச் செய்தால் இப்படி நடக்கும்" என்கிறது. விதியென்று சொன்னால் நமக்குப் பொறுப்பில்லை. "செய்தால்" என்று சொன்னால் பொறுப்பு உண்டு.

பவளப் பாறைகளைப் பாருங்கள். பவளம் ஒரு சிற்றுயிர். அதனுள் குடியிருக்கும் நுண்பாசியே அதற்கு உணவளிக்கிறது. கடல் மிகுந்து சூடானால் பாசி வெளியேற்றப்பட்டு, பவளம் வெளுத்து, சூடு நீடித்தால் பட்டினியால் மடிகிறது. நமது மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இவ்வாறு வெளுத்தது. மீன்களுக்குப் புகலிடமும் அலைகளுக்குத் தடுப்பும் அந்தப் பாறைகளே. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிட உலகச் சூடு 1.5 டிகிரி ஏறினால் பவளப் பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை அழியும், 2 டிகிரி ஏறினால் 99 சதவீதத்துக்கு மேல் அழியும் என்று ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2018-ல் அறிவித்தது. கொஞ்சமேனும் மிஞ்சுவதும் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாததும் அந்த அரை டிகிரியில் இருக்கிறது.

"எழுபதா, தொண்ணூறா? முதலில் அதை நிச்சயப்படுத்தட்டும்" என்பார் உண்டு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், காற்று எத்தனை மைல் வேகத்தில் வீசும் என்று திட்டமாகத் தெரிந்த பிறகுதான் படகைக் கட்டுவேன் என்று எந்த மீனவராவது சொல்வாரா?

சில எச்சரிக்கைகள் பலிக்காமல் போனது அவற்றுக்குச் செவிகொடுத்ததால்தான். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று 1974-ல் இரண்டு ரசாயன அறிஞர்கள் சொன்னார்கள். 1987-ல் மான்ட்ரியல் நகரில் தேசங்கள் உடன்படிக்கை செய்து, அவற்றைப் படிப்படியாகக் கைவிட்டன. படலம் இப்போது மெல்லத் தேறிவருகிறது. அந்த எச்சரிக்கை பொய் என்று சொல்லலாமா?

அறியாமல் செய்தவனை ஒருவாறு மன்னிக்கலாம். கணக்கைக் கேட்டறிந்த நாம் இனி அறியாதவர்கள் அல்லர். மிகுதியாக எரிப்பவர்கள் ஒருபுறம் இருக்க, மிகக் குறைவாக எரிக்கும் கட்டுமரக்காரனும் இன்னும் பிறவாத குழந்தையும் முதலில் துன்பப்படுவது நியாயமா? நம் ஒரு வீட்டின் பங்கு சிறிதே. ஆயினும் வீண் விளக்கை அணைப்பதும், அருகிலுள்ள இடத்துக்கு நடந்து செல்வதும், வாக்குக் கேட்டு வருவோரிடம் இதைப்பற்றிக் கேட்பதும் நம்மால் ஆகாதவை அல்ல. இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து, நம் வீட்டில் வீணாவது என்ன என்று எண்ணிப் பார்ப்போமாக.