வடக்குக் கரையின் பாக்கி

வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலிருந்து கடல் ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்கினால் பல இடங்களில் கால் படுவது மணலில் அல்ல, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லில். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வருகிற வயதானவர், பாறை இடுக்கில் கால் வழுக்காத இடமாகத் தேட வேண்டும். இந்தக் கரையைச் சீராக்கிப் பராமரிக்கும் செலவு யாருடையது? பயன்படுத்துகிறவர்கள் கட்டட்டும் என்ற பதில் சட்டென்று வரும். கேட்க நியாயமாக இருக்கும் அந்தப் பதில் இங்கே அநியாயம்.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டத் தொடங்கியபின் அந்த ஓட்டம் மறிபட்டது. தெற்கே தேங்கிய மணலில்தான் மெரினா இவ்வளவு அகலமானது. வரவேண்டிய மணல் வராத ராயபுரத்திலும் அதற்கு வடக்கேயும் அலை கரையைத் தின்றது. குப்பங்கள் நிலத்தை இழந்தன. பிறகு கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள். ஒரு வளைவின் தெற்கே மணல் சேர்ந்தால் அதன் வடக்கே அடுத்த குப்பம் அரிபடுகிறது. மெரினாவில் காற்று வாங்க யாரும் காசு கொடுப்பதில்லை, கொடுக்கவும் வேண்டாம். ஆனால் அந்த மணலின் விலையை வடசென்னை நிலமாகவே கொடுத்துவிட்டது. கடன் கொடுத்தவனிடமே வட்டி கேட்பதை எந்தத் தர்மமும் ஒப்பாது.

துறைமுகத்தால் வடசென்னையும்தானே பிழைத்தது என்று கேட்கலாம். பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆதாயம் நாடு முழுக்கப் பரவியது. இழப்பு சில மைல் கரையிலேயே நின்றுவிட்டது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிசெய்தது, பாலாற்றைக் கெடுத்த வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில். அதே ஆண்டு கமல்நாத் வழக்கில், கடற்கரை போன்ற பொதுச் சொத்துகளுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்றது. கோயில் அறங்காவலர் சாமி நகையைத் தன் சொத்தாக்க முடியுமா? 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது அதை வாளியில் அள்ளியவர்களில் மீனவர்களும் மாணவர்களும் இருந்தார்கள். உழைப்பாகவும் இந்தப் பக்கம் கட்டியாகிவிட்டது.

இலவசமென்றால் குப்பை சேரும் என்பது இன்னொரு வாதம். கட்டணம் தடுப்பது குப்பையை அல்ல, நாலு பிள்ளைகளோடு வருகிற கூலிக் குடும்பத்தை. வண்டி நிறுத்தவும் கடை போடவும் வசூலிக்கட்டும். கரையில் இறங்குவதற்கு வசூல் கூடாது. மாசி மகத்தன்று சாமியே தெருவழியாகக் கடலுக்கு வந்து தீர்த்தவாரி ஆடுகிறது. அந்தத் தண்ணீரில் இறங்க யாரும் சீட்டு வாங்குவதில்லை. தீர்த்தம் எல்லோருக்கும் உரியது என்று நம்புகிற ஊர், அதற்குப் போகும் வழியை மட்டும் விற்க முடியாது.

துறைமுகங்களின் வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரைக்கு ஒதுக்க வேண்டும். மணலை வடக்கே கொண்டுவந்து போடுவதும், வயதானவர்கள் இறங்கப் படிகள் கட்டுவதும் அந்தப் பணத்தில் நடக்கட்டும். அது உதவித்தொகை அல்ல, நூறாண்டு தாண்டிய பாக்கி.