விட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா?

மழை பெய்து கண்மாய் பெருகிக் கிடக்கும் நாட்களில், கரையோரக் கோரைக்கு நடுவே தண்ணீரின் மேற்பரப்பு ஓரிடத்தில் மட்டும் செக்கச்செவேலென்று கொதிப்பதுபோல் தெரியும். அது விரால் குஞ்சுகளின் கூட்டம். நூற்றுக்கணக்கில் நெருங்கிச் சேர்ந்து மேலே வருவதும் உள்ளே அமிழ்வதுமாக அந்தச் சிவப்புத் திட்டு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். தவளையோ வேறு மீனோ கிட்டே வந்தால் பாய்ந்து அடிக்கும். விரால் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குஞ்சுக் கூட்டத்தின்மேல் தவளையைக் கோத்த முள்ளைப் போட்டால், அல்லது இப்போது கடையில் கிடைக்கும் ரப்பர் தவளையைப் போட்டால், காவல் நிற்கும் விரால் பாய்ந்து கவ்விவிடும். பசிக்காக அல்ல, பிள்ளைகளைக் காப்பதற்காக. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் தண்ணீரை நம்பி வாழும் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில் கண்மாய் மீன் அன்றாடச் சாப்பாடு. அதே வட்டாரத்தில்தான் சித்தர்கள் உறைவதாக மக்கள் நம்பும் சதுரகிரி மலை இருக்கிறது. சற்றுத் தள்ளி ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. மீனைப் பிடிப்பது, விடுவது, தின்பது ஆகிய மூன்றில் எது அறம் என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இந்தக் கேள்வி இன்று புது வடிவம் எடுத்திருக்கிறது. முன்பெல்லாம் தூண்டில் என்றால் ஒரு மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, சிறு ஈயக்குண்டு, முள், கொட்டாங்கச்சியில் மண்புழு. கெண்டையோ கெளுத்தியோ குரவையோ அகப்பட்டால் அன்றைக்கு வீட்டில் குழம்பு, அகப்படாவிட்டால் இல்லை. இப்போது சுழல் உருளை பொருத்திய கம்பும் செயற்கை இரைகளும் வந்துவிட்டன. அவற்றோடு ஒரு கொள்கையும் வந்திருக்கிறது: மீனைப் பிடி, எடை போடு, படம் எடு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடு. அமெரிக்காவில் பேஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளை வளர்த்தெடுத்த ரே ஸ்காட், பிடித்த மீனைக் கொல்லாமல் விடும் வழக்கத்தை 1972இல் தம் போட்டிகளுக்குள் கொண்டுவந்தார். அதன்பின் உலகெங்கும் தூண்டில் பிரியர்களிடம் அதுவே உயர்ந்த நாகரிகமாகப் பரவியது. தின்பவன் கொடியவன், விடுபவன் கருணையுள்ளவன் என்ற எண்ணம் நம்மூர் இளைஞர்களிடமும் வேர்விடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். பசிக்காகப் பிடித்துத் தின்பவனின் செயலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. விளையாட்டுக்காகப் பிடித்து விடுபவனின் செயலில் மீனின் துடிப்பைத் தவிர வேறு பயன் எதுவும் இல்லை.

இதற்கு முதல் மறுப்பு நம் மரபுக்குள்ளிருந்தே எழும். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் இரண்டு பேருமே தவறியவர்கள்தானே என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். சதுரகிரிக்கு விரதம் இருந்து ஏறுகிறவர்களும், ஊன் உண்பதையே விட்டவர்களும் நிற்கும் இடம் மேலானது. அதை மழுப்பப் பார்க்கக் கூடாது. ஆனால் வள்ளுவரின் வாதம் போகும் திசையைக் கவனிக்க வேண்டும். தின்பதற்காக யாரும் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் விற்பவரும் இருக்கமாட்டார் என்று அவர் சொல்லும்போது, கொலைக்குப் பின்னால் இருக்கும் தேவையைத்தான் விசாரிக்கிறார். பசி என்ற காரணம் இருந்தும் தின்பதையே ஏற்காதவர், வெறும் களிப்பை மட்டும் காரணமாகக் காட்டுகிறவனுக்கு இடம் கொடுப்பாரா? தூண்டிலை அவர் எடுத்தாளும் இடமும் சூது அதிகாரம்தான். சூதில் கிடைத்த வெற்றி, இரையென்று எண்ணித் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியது போன்றது என்கிறார். அங்கே அவர் கம்பைப் பிடித்திருப்பவன் பக்கம் நிற்கவில்லை, விழுங்கிய மீனின் பக்கம் நிற்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், விடுவதற்காகப் பிடிப்பது என்பதும் ஏமாற்றித் துடிக்கவைப்பதுதான்.

விடுவதைப் புனிதமாக்கிய ஒருவர் நம்மிடம் இருக்கிறாரே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். பெரியபுராணம் போற்றும் அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான அதிபத்தர், நாகப்பட்டினத்து மீனவர். நாள்தோறும் வலையில் விழும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் நோன்பு. பின்பு நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் அகப்படும் காலம் வந்தது. அப்போதும் அந்த ஒன்றையும் விட்டுவிட்டு, குடும்பத்தோடு பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒளிரும் மீன் ஒன்று கிடைத்தபோதும் மனம் மாறவில்லை, அதையும் விட்டார். இந்தக் கதையில் இரண்டு செய்திகள் உண்டு. மீன் பிடித்து உண்டு வாழ்ந்த ஒருவரை அடியாராக ஏற்பதில் சேக்கிழாருக்குத் தயக்கம் இல்லை என்பது ஒன்று. மற்றது அதைவிட ஆழமானது. அதிபத்தர் விட்டது தமக்கு மிகவும் தேவைப்பட்ட மீனை. அந்த மீன் அவர் வீட்டு அடுப்பில் ஏறியிருக்க வேண்டிய மீன். ஆகவே அது துறவு. விளையாட்டுக்குப் பிடிப்பவர் விடுவது அவருக்குத் தேவையே இல்லாத மீனை. அவர் விரும்பிய இழுப்பும் பரபரப்பும் படமும் ஏற்கெனவே அவர் கைக்கு வந்துவிட்டன. வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டபின் மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஈகை என்று பெயர் இல்லை.

‘எப்படிச் சொன்னாலும் விட்ட மீன் உயிரோடு இருக்கிறது, சட்டிக்குப் போன மீன் செத்துவிட்டது, மீனைக் கேட்டால் எதைத் தேர்ந்தெடுக்கும்?’ என்பது வலுவான கேள்வி. அந்த ஒரு மீனைப் பொறுத்தவரை, முள்ளில் மாட்டிய பிறகு, சாவைவிட விடுதலை மேல்தான், அதை மறுப்பதற்கில்லை. தெரியாமல் சிறு குஞ்சு மாட்டினால் விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் அறக் கேள்வி முள்ளில் மாட்டிய பிறகு தொடங்குவதில்லை, தூண்டிலை வீசுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் முழு உண்மையல்ல. முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கிச் சாய்ந்த சிறு கூர் ஒன்று இருக்கும். மாட்டியது நழுவாமல் இருக்கத்தான் அது. கழற்றும்போது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். முள்ளை ஆழமாக விழுங்கிய மீனும், வெயிலில் சூடேறிய ஆழமற்ற தண்ணீரில் நெடுநேரம் இழுபட்டுக் களைத்த மீனும் விட்டபின் செத்துப்போவது உண்டு. விராலைப் போலவே அமெரிக்க பேஸ் மீனும் முட்டையையும் குஞ்சையும் காக்கும்; காவல் நிற்பது ஆண் மீன். அதைக் கூட்டிலிருந்து பிடித்துச் சற்று நேரத்தில் திரும்ப விட்டாலும், அதற்குள் மற்ற மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுவதையும், சில ஆண் மீன்கள் கூட்டையே கைவிட்டுவிடுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்மாயில் காவல் விராலைப் பிடித்து விடுபவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கையிலிருந்து உயிரோடு போவது ஒரு மீன்; அதற்குள் காவலின்றி நின்ற குஞ்சுகளோ நூற்றுக்கணக்கு.

மீனுக்கு வலியே கிடையாது, பிறகு என்ன கொடுமை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வலியை உணர வேண்டிய மூளைப்பகுதி மீனுக்கு இல்லை என்று 2002இல் ஆய்வாளர் ஜேம்ஸ் ரோஸ் எழுதினார். மறு ஆண்டே லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும், டிரவுட் மீனின் வாய்ப்பகுதியில் ஊறு உணரும் நரம்புகள் இருப்பதையும், உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உண்ணாமல் இருந்ததையும் சரளைக்கல்லில் உதட்டைத் தேய்த்ததையும் வெளியிட்டார்கள். அறிஞர்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கில், இன்பத்துக்காகத் துன்பம் தரக்கூடிய பக்கம் சாய்வதா, விலகி நிற்கும் பக்கம் சாய்வதா? நம் மண்ணில் வேரூன்றியிருந்த சமண நெறி மீனை ஐம்பொறியும் உடைய உயிராகவே வைத்தது. அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டு, ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாது என்றது. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விதிகள், திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்தன. காலத்தாலும் நாட்டாலும் இவ்வளவு விலகி நிற்பவர்கள், மீனின் துன்பம் ஒரு பொருட்டு என்பதில் ஒன்றுபடுகிறார்கள்.

எஞ்சியிருப்பது பாதுகாப்பு வாதம். காவிரியின் திமில் மகசீர் மீன் அழிவின் விளிம்பில் நிற்கிறது. விட்டுவிடும் தூண்டில்காரர்கள் ஆற்றோரம் இருந்ததால் வெடி வைத்து மீன் பிடிப்பது குறைந்தது என்பார்கள். அருகிவரும் மீனைத் தின்னக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே மீனைக் காத்தது ஆற்றோரத்துக் காவல்தானே தவிர முள் அல்ல. காவலுக்குக் கூலியாக முள்ளை ஏற்றுக்கொள் என்று அந்த மீனிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை ஏது? உண்ண முடியாத மீனுக்குத் தூண்டிலே போடாமல் இருப்பதுதான் நேர்மை.

அப்படியானால் உண்பவருக்குக் கட்டுப்பாடே இல்லையா? நிறைய உண்டு. கோடையில் கண்மாய் வற்றும்போது தென்மாவட்டத்து ஊர்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிச் சைகை காட்டும்வரை ஒருவரும் இறங்கமாட்டார்கள். பிறகு ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக எல்லோரும் இறங்குவார்கள். கிடைத்ததை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பது பல ஊர்களில் வழக்கம். அன்று சாயங்காலம் ஊரெல்லாம் மீன்குழம்பு மணக்கும். இப்படி நடந்தால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. காலம், அளவு, பகிர்வு ஆகிய மூன்று கட்டுப்பாடுகளும் அதில் இருக்கின்றன. பிடித்த விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளி கரைத்த மண்சட்டியில் இடும் கைக்குத் தான் ஓர் உயிரை எடுத்தது தெரியும். கம்பும் படமும் மட்டுமே தெரிந்த கைக்கு அந்தப் பொறுப்பு எட்டுவதே இல்லை.

திருப்பாவையின் மூன்றாம் பாட்டில் ஆண்டாள் மழையின் வளத்தைச் சொல்ல வரும்போது, ஓங்கி நிற்கும் நெல்லின் ஊடே கயல் துள்ளுவதைக் காட்டுகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் கண்ட அந்த மீன் எவர் முள்ளிலும் துள்ளவில்லை, தன் தண்ணீரில் துள்ளியது. துள்ளலைப் பார்த்து மகிழ ஆசை என்றால் அது போதும். வயிற்றுக்கு வேண்டுமென்றால் வேண்டிய அளவு பிடித்து, வீணாக்காமல் உண்ணலாம். கோரைக்கு நடுவே அந்தச் சிவப்புத் திட்டு தெரிந்தால், உண்பவரும் அன்றைக்கு நரம்பைச் சுற்றிவைத்துவிட்டு வேறு கரைக்குப் போக வேண்டும். முள்ளே படாமல் அங்கே விடப்படும் அந்த விரால்தான் உண்மையில் விடப்பட்ட மீன்.