டம்ளருக்கு அடியில் ஒரு நோட்டு

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு வாரத்தில் நான்கு நாள் சாப்பாடு பிளாஸ்டிக் டப்பாவில்தான் வருகிறது. கொண்டுவரும் பையனின் பெயர் செல்போனில் தெரியும். முகம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும். டப்பாவின் மேல் 'வீட்டுச் சுவை' என்று ஒட்டியிருப்பார்கள். யார் வீட்டுச் சுவை என்று நான் யோசித்ததே இல்லை. ஊருக்குப் போகும் வழியில், தர்மபுரிக்குச் சற்று முன்னால், ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஓசூர் தாண்டிவிட்டால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மைதானம் போல கார் நிறுத்துமிடம், டோக்கன் கவுன்டர், எல்லா ஊரிலும் ஒரே ருசியில் தோசை. இது 7-ஆம் எண் சாலையாக இருந்த நாளில் பஸ்கள் ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து, கடைவீதியை உரசிக்கொண்டுதான் போகும். புறவழிச்சாலைகள் வந்ததும் ஊர்கள் ஒதுங்கிக்கொண்டன. சின்னக் கடையில் சாப்பிட வேண்டுமென்றால் இப்போது சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். அப்பாவுக்கு மாத்திரை போடும் நேரமாகிவிட்டதால் இறங்கினோம்.

தகரக் கூரை, நான்கு பெஞ்சு, கரும்பலகையில் சாக்பீஸால் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, கீரைக் கடைசல். கணவர் கல்லாவில், மனைவி அடுப்படியில். அந்த அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீரைச் சுழற்றி ஊற்றிவிட்டு, ஆவி பறக்கும் களியை அதில் போட்டு இரண்டு மூன்று குலுக்குக் குலுக்கினார். விரல் படாமலே பந்தாகிவிட்டது. இலையில் கவிழ்த்து, கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் குழித்து, குழம்பை ஊற்றினார். "மெல்லாத கண்ணு, தொட்டு அப்படியே முழுங்கு" என்றார் என் மகனிடம்.

"இது முத்தேதானே?" என்றான் அவன். களிக்குக் கன்னடத்தில் முத்தே என்று பெயர்; தொம்மலூரில் பக்கத்து வீட்டில் தின்று பழகியவன். எங்கள் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தமிழ்நாட்டில் முத்தே கிடைப்பது ஆச்சரியமாகப் படவில்லை.

அப்பா ஒரு காரியம் செய்தார். இலை போடுவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து, தண்ணீர் டம்ளருக்கு அடியில் பாதி வெளியே தெரியும்படி வைத்தார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் இதைத்தான் செய்வார். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் கூச்சம்.

"சாப்ட்டுட்டுக் குடுங்கய்யா, எங்க ஓடிரப் போறீங்க?" என்று சிரித்தார் அந்த அம்மா. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "எந்த ஊருங்கய்யா?"

அப்பாவின் கை இலைக்கு மேலேயே நின்றது. "தொம்மலூர்" என்றார்.

"அது எங்கங்க இருக்கு?"

"பெங்களூர்ல."

"அவ்ளோ தூரம் போகணுமா? இருங்க, இன்னொரு உருண்டை வைக்கிறேன்."

கேள்வி அதோடு முடிந்தது. அப்பா பிறந்த ஊர் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். அவருடைய சின்ன வயதில், ஊர் டீக்கடையில் அவர்கள் தெருக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி. கூரையில் செருகி வைத்திருப்பார்கள். எடுத்துக் குடித்துவிட்டுக் கழுவித் திரும்பச் செருக வேண்டும். வேலை செய்த வீடுகளில் சாப்பாடு கொல்லைப்புறத்தில். பதினேழு வயதில், 1964-இல், டவுன் பஸ் நிலையத்து ஓட்டலில்தான் முதன்முதலாக பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் குடிக்கும் டம்ளரில் குடித்தாராம். "காச மொதல்ல காட்டிட்டா, யாருன்னு கேக்கமாட்டான்."

கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு பெயர் சொல்லியே சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அந்த பெஞ்சு பதினான்கு வருடமாக அப்பாவுக்காகக் காத்திருந்திருக்கிறது.

அதே 1964-இல்தான் அமெரிக்காவிலும் உணவகத்தில் நிறம் பார்ப்பது சட்டவிரோதமானது. அந்த நாட்டின் தென் மாநிலங்களில் சிற்றூர் உணவகங்களின் அன்புக்குப் பெரிய பெயர் உண்டு. பொரித்த கோழி, சோள ரொட்டி, 'தேனே' என்று அழைத்துப் பரிமாறும் பெண்கள். அந்தச் சமையலைக் கைப்பக்குவத்தோடு செய்த கறுப்பினப் பெண்கள் பலரால் அந்தச் சட்டத்துக்கு முன்பு அதே கடையின் முன்பக்கம் உட்கார முடிந்ததில்லை. காரில் போகும் கறுப்பினத்தவர் எந்த ஊரில் சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று பட்டியலிட்டு, விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936-இலிருந்து ஒரு வழிகாட்டிப் புத்தகமே போட்டுவந்தார்.

வீட்டுச் சாப்பாட்டை நாம் தலையில் தூக்கிவைத்துக்கொள்கிறோம். ஓட்டலைப் பற்றிப் பேசினால், 'காசுக்குச் செய்கிறான்' என்கிறோம். ஆனால் யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் அடுப்படிவரை வரலாம் என்று அளந்து வைத்திருப்பது வீடுதான். காசு அதை அழித்துவிடும் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை, ஊர் டீக்கடையிலும் அப்பா காசு கொடுத்துத்தான் குடித்தார். அங்கே அவர் முகம் தெரிந்திருந்தது, பஸ் நிலையத்தில் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். முகம் தெரியாதவனுக்கு இன்னொரு உருண்டை வைக்கும் கடையை, முகம் பார்த்து இலை போடும் வீட்டைவிட நான் உயர்வாக நினைக்கிறேன். அந்த அம்மாவும் சொந்த ஊரில் அப்படித்தான் இருப்பாரா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கப் போவதில்லை என்று அப்பா முடிவு செய்து பல வருடமாகிறது.

பொங்கலுக்குப் போனபோதும் அதே மெஸ்ஸில் நிறுத்தினோம். அந்த அம்மாவுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. "வாங்கய்யா, தொம்மலூர்க்காரரே" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, நோட்டை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் இலையில் தண்ணீர் தெளித்தார்.